வயலின் கேள்வியோடு வாருங்கள்: ஜப்பான் வேளாண் வேதியியல் மாநாட்டுக்கு வரும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். வருகிற மார்ச் மாதம் ஜப்பான் வேளாண் வேதியியல் கழகத்தின் ஆண்டு மாநாட்டில் ஆய்வுரை வாசிக்கவோ போஸ்டர் வைக்கவோ வரப்போகிற உங்கள் எல்லோரையும் மனம் நிறைய வரவேற்கிறேன். உங்களில் சிலர் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நேராக விமானம் ஏறி வருவீர்கள். சிலர் ஏற்கெனவே இங்கேயே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டு, முதல்முறையாக மேடை ஏறப்போகிறீர்கள். மாநாட்டுக் குழுவின் முறையான வரவேற்பு மடல் உங்களுக்குத் தனியாக வந்து சேரும். உங்களுக்கு முன்னால் வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு தமிழ் ஆய்வாளராக, இந்தக் கழகத்தின் உறுப்பினராக, நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. ஒரு விஷயத்தை நீங்கள் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நம் பிள்ளைகள் இந்த மாநாட்டுக்கு வரும்போது பெரும்பாலும் ஒதுங்கி நின்று வியக்கிறவர்களாக வருகிறார்கள். தலைப்பு பேராசிரியர் கொடுத்தது, நுண்ணுயிர் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தது, கேள்வியும் யாரோ முன்பே கேட்டுவைத்தது. பட்டம் வாங்க அது போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் துறை வயலிலும் அடுப்படியிலும் அரிசி ஆலையிலும் எழுந்த கேள்விகளால் உருவான துறை. அப்படிப்பட்ட கேள்விகள் நம் ஊரில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது கையோடு கொண்டு வாருங்கள். இதைத்தான் சொல்ல வந்தேன். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இந்தக் கழகம் 1924-இல் தொடங்கியது. 2024-இல் நூற்றாண்டை டோக்கியோவில் கொண்டாடினோம். கழகத்தின் முதல் தலைவர் சுசுகி உமெதாரோ. ஷிசுவோகா மாகாணத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, 1874-இல் பிறந்தவர். ஜெர்மனி போய் எமில் ஃபிஷரிடம் புரதங்களைப் பற்றிப் படித்துவிட்டுத் திரும்பினார். அன்றைய ஜப்பானில் பெரிபெரி நோய் மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியைச் சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நிற்கும். ரஷ்யாவோடு நடந்த போரில் ஜப்பானிய ராணுவம் இந்த நோய்க்கு ஏராளமான வீரர்களைப் பறிகொடுத்தது. கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ 1880-களிலேயே உணவை மாற்றி மாலுமிகளைக் காப்பாற்றிக் காட்டியிருந்தார். அப்படியும் ராணுவ மருத்துவர்கள் இது ஒரு கிருமியால் வருவது என்றே பிடிவாதமாக இருந்தார்கள்.

சுசுகி தவிட்டை எடுத்துக்கொண்டார். ஆலையில் கழித்து மாட்டுக்குப் போடுகிற தவிடுதான். வெள்ளை அரிசி தின்று நோயுற்ற புறாக்களுக்குத் தவிட்டுச் சாற்றைக் கொடுத்தார், அவை தேறின. அந்தச் சாற்றிலிருந்து நோயைத் தீர்க்கும் பொருளைப் பிரித்து, 1910 டிசம்பர் 13 அன்று டோக்கியோ வேதியியல் கழகத்தில் அறிவித்தார். பிறகு அதற்கு ஒரிசனின் என்று பெயர் வைத்தார். இன்று நாம் பி1 என்று சொல்லும் தயமின் அதில்தான் இருந்தது. மருத்துவர்கள் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேளாண்மை படித்தவருக்கு நோயைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு. கட்டுரை ஜப்பானிய மொழியில் வந்திருந்தது. ஜெர்மன் மொழியில் வந்த சுருக்கத்தில், இது இதுவரை அறியப்படாத ஒரு சத்து என்ற முக்கியமான வரி விடுபட்டுப்போனது. 1912-இல் காசிமிர் ஃபங்க் வைட்டமின் என்ற பெயரைக் கொடுத்தார், உலகம் அவரை நினைவில் வைத்துக்கொண்டது. 1929-இல் இந்தத் துறைக்குக் கிடைத்த நோபல் பரிசு ஐக்மனுக்கும் ஹாப்கின்ஸுக்கும் போனது. ஜப்பானில் இன்றும் டிசம்பர் 13-ஐ வைட்டமின் நாள் என்று அனுசரிக்கிறார்கள். கட்டுரைச் சுருக்கம் எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்டுபிடிப்பின் மையமான வரி சுருக்கத்தில் இருக்க வேண்டும், மற்றவர்கள் படிக்கிற மொழியிலும் இருக்க வேண்டும்.

இதே நோய் நம் பக்கத்திலும் இருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் வடக்குப் பகுதியில், பச்சரிசியைத் தீட்டிச் சாப்பிட்ட வட சர்க்கார் மாவட்டங்களில், பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தெற்கே அது பெரிதாகத் தலைகாட்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் உமியை ஒட்டியும் இருக்கிற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. ஜப்பானில் தவிட்டுக் கேள்வியை எடுத்தவர்கள் அதையே ஒரு துறையாக வளர்த்து, கழகம் அமைத்து, தொழிற்சாலைகளோடு சேர்த்துக் கட்டினார்கள். நாம் நெல்லை அவித்துச் சாப்பிடும் அறிவைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தும், அதன் வேதியியலை நம் கேள்வியாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. இது எனக்கு நெடுநாளாக உள்ள ஆதங்கம்.

அடுத்து நெல் நாற்று. இந்தக் கழகத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஜப்பானிய விவசாயிகள் பகானே என்று சொல்லும் ஒரு நோய் உண்டு. நோய் பிடித்த நாற்று மற்ற நாற்றுகளைவிட மடமடவென்று உயரமாக வளரும், வெளிறிப்போகும், பிறகு சாய்ந்து சாகும், அல்லது கதிர் பிடிக்காமல் போகும். 1926-இல் தைவானில் இருந்த குரோசாவா எய்இச்சி, இந்த நோயைத் தரும் பூஞ்சையை வளர்த்து, பூஞ்சையை முழுக்க வடிகட்டிவிட்டு, அந்தத் திரவத்தை மட்டும் நாற்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பூஞ்சையே இல்லாமல் நாற்று உயர்ந்தது. அப்படியானால் பூஞ்சை ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது. டோக்கியோவில் யபுதா தெய்ஜிரோ அந்தப் பொருளைத் தேடி, 1935-இல் அதற்கு ஜிப்பெரெல்லின் என்று பெயர் வைத்தார். 1938-இல் அவரும் சுமிகி யுசுகேயும் அதைப் படிகமாக எடுத்தார்கள். போர் வந்தது, மேற்கு நாடுகளில் இதைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியவில்லை. 1950-களில்தான் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பரபரப்பாக இதை ஆராயத் தொடங்கினார்கள். அதன்பிறகே இது பூஞ்சைக்கு மட்டும் சொந்தமான பொருள் இல்லை, பயிர்களே தங்கள் வளர்ச்சிக்குச் சுரக்கும் ஹார்மோன் என்பது தெளிவானது. இன்று விதையில்லாத் திராட்சை வளர்ப்பவர்கள் கொத்துகளை முக்கி எடுக்கும் ஜிப்பெரெல்லின் கரைசல் அந்த நெல் வயல் நோயிலிருந்து வந்ததுதான்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1966-இல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐஆர் 8 நெல் குட்டையாக இருந்தது. உரம் போட்டாலும் சாயவில்லை, விளைச்சல் பெருகியது. ஆசியா முழுவதும் பசுமைப் புரட்சியைக் கொண்டு வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது ஏன் குட்டையாக இருந்தது? 2002-இல் விடை கிடைத்தது. ஜிப்பெரெல்லினைத் தயாரிக்கும் ஒரு நொதியின் மரபணு அந்த நெல்லில் பழுதுபட்டிருந்தது. அதைக் கண்டறிந்த குழுக்களில் ஜப்பானியக் குழுவும் ஒன்று. நாற்றை அளவு மீறி உயர்த்திக் கொன்ற அதே வேதிப்பொருள் குறைந்தபோது கோடிக்கணக்கான பேருக்குச் சோறு கிடைத்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து வயதான விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள், ஐஆர் 8-க்குச் சற்று முன்னால் ஆடுதுறையிலிருந்து வந்த ஏடிடி 27 நெல் ரகம் அவர்களுக்கு நினைவிருக்கும். அது ஒரு ஜப்பானிய நெல் ரகத்தையும் நம் ஜிஇபி 24-ஐயும் கலந்து எடுத்தது. டெல்டா வயலும் ஜப்பானிய ஆய்வகமும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரே நெல்மணியில் சந்தித்துவிட்டன. ஆகவே அந்நிய இடத்துக்கு வருகிறோம் என்று கூச்சப்படாதீர்கள்.

நுண்ணுயிர்களைப் பற்றி நீங்கள் இங்கே நிறையக் கேட்பீர்கள். மாநாட்டின் பாதி அரங்குகள் ஏதோ ஒரு வகையில் நொதித்தலைப் பற்றியே பேசும். மிசோ என்ற சோயா விழுது, சோயா சாஸ், சாகே என்ற அரிசி மது எல்லாம் கோஜி என்ற பூஞ்சையின் வேலை. 1908-இல் இகேதா கிகுனாயே கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தார். 1950-களின் நடுவில் கினோஷிதா ஷுகுவோவின் குழு அதை ஏராளமாகச் சுரக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தது. அமினோ அமிலங்களை நொதித்துத் தயாரிக்கும் தொழில் அங்கேதான் பிறந்தது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நீங்களே படித்திருப்பீர்கள்.

நான் சொல்ல விரும்புவது எந்தோ அகிராவைப் பற்றி. அகிதா மாகாணத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, தோஹோகு பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். மருந்து நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, முதலில் பழச்சாற்றைத் தெளிவாக்கும் நொதியைத் தேடிக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் இருந்தபோது அங்கே மாரடைப்பு எவ்வளவு சாதாரணமாக மக்களைக் கொல்கிறது என்று பார்த்தார். உடம்பு கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பைத் தயாரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருளைப் பூஞ்சைகள் ஏதாவது சுரக்கக்கூடும் என்ற ஊகத்தில் 1971-இல் தேடத் தொடங்கினார். சுமார் 6,000 நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1973-இல் கியோத்தோவில் ஓர் அரிசிக் கடையில் கிடைத்த அரிசியிலிருந்து பிரித்தெடுத்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அந்தப் பொருள் கிடைத்தது. உலகம் முழுக்க இன்று கோடிக்கணக்கானோர் தினமும் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் மூதாதை அதுதான். எலிகளில் அது வேலை செய்யவில்லை. அதோடு அந்த ஆய்வு முடிந்திருக்க வேண்டியது. முட்டையிடும் கோழிகளில் சோதித்துப் பார்த்தபோது கொழுப்பு நன்றாகக் குறைந்தது, ஆய்வு உயிர் பிழைத்தது. எந்தோ 2024-இல் காலமானார். நோபல் பரிசு கிடைக்காமலேயே போனார் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஓமுரா சதோஷிக்குப் பரிசு கிடைத்தது, 2015-இல். போகிற இடமெல்லாம் மண் எடுக்கச் சின்னப் பை வைத்திருப்பார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஷிசுவோகாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்துதான் அவர்மெக்டின் வந்தது. அதிலிருந்து ஐவர்மெக்டின். ஆப்பிரிக்காவின் ஆற்றங்கரை ஊர்களில் கண்பார்வையைப் பறித்த நோய்க்கு அது மருந்தானது. நம் கும்பகோணம் பக்கத்தில் தலைமுறைகளாகத் தெரிந்த யானைக்கால் நோய்க்கு எதிராக, இந்தியாவில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் அண்மை ஆண்டுகளாக மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அந்த மூன்றில் ஐவர்மெக்டினும் ஒன்று. அவர் தேடியது சாதாரண மண்ணில். நம் ஊர்ச் செம்மண்ணிலும் கரிசலிலும் காவிரி வண்டலிலும் என்னென்ன இருக்கிறது என்று நாம் இன்னும் சரியாகத் தேடிப் பார்க்கவில்லை.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு பெயர் சொல்ல வேண்டும். சுஜிமுரா மிச்சியோ. 1920-இல் ஹொக்கைதோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய வந்தபோது, பெண்களை மாணவர்களாகச் சேர்ப்பதில்லை என்பதால், சம்பளமில்லாத உதவியாளராக வேலை பார்த்தார். பட்டுப்புழுவின் ஊட்டச்சத்து பற்றிய ஆய்வு. பிறகு டோக்கியோ வந்தார். 1923 நிலநடுக்கத்தில் அவர் வேலை பார்த்த ஆய்வகம் அழிந்தது. ரிக்கென் என்ற ஆய்வு நிறுவனத்தில் சுசுகி உமெதாரோவின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பச்சைத் தேயிலையில் வைட்டமின் சி இருப்பதைச் சக ஆய்வாளரோடு சேர்ந்து கண்டறிந்தார். 1929-இல் தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் கேட்டச்சினைப் பிரித்தெடுத்தார். 1932-இல் ஜப்பானில் வேளாண்மையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். நீலகிரியிலும் வால்பாறையிலும் நுவரெலியாவிலும் தேயிலை பறிக்கிற பெண்களின் வீடுகளிலிருந்து இன்று பட்டதாரிகள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் தேயிலையின் வேதியியலை எடுத்துக்கொண்டு இந்த மேடையில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. உங்களில் யாராவது அப்படி இருந்தால், தயவுசெய்து முன்வரிசைக்கு வாருங்கள்.

இந்தத் துறையின் இருண்ட பக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொண்டு வர வேண்டும். 1950-களில் ஜப்பானிய வயல்களில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்து விவசாயிகள் பலர் விஷமேறி இறந்தார்கள். நெல்லின் குலைநோய்க்குப் பாதரசம் கலந்த தூளை நாடு முழுக்கத் தூவினார்கள். அது அரிசிக்குள் போய், மனிதர்களின் தலைமுடி வரை தெரிந்தது. அதை நிறுத்த வேண்டும் என்ற நெருக்கடியில்தான் நுண்ணுயிர்களிடமிருந்து கிடைக்கும் மருந்துகளைத் தேடினார்கள். முதலில் பிளாஸ்டிசிடின் எஸ் வந்தது. பிறகு நாராவின் கசுகா கோயில் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து உமெசாவா ஹமாவோவின் குழு 1965-இல் கசுகமைசினை அறிவித்தது. குலை நோயைத் தடுத்தது, மனிதருக்கும் மீனுக்கும் கெடுதல் மிகக் குறைவு. இலையுறைக் கருகலுக்கு வேலிடமைசின் வந்தது. இவை இரண்டையும் நம் ஊர் உரக்கடையிலும் பார்த்திருப்பீர்கள். அதே கடையில் அலமாரியின் மறுபக்கத்தில் இருக்கிற டப்பாக்களால் நம் விவசாயிகள் எத்தனை பேரை இழந்தோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். தற்கொலைகளைத் தடுக்கத் தமிழ்நாடு அரசே சில பூச்சிமருந்துகளின் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது. பாதரசத்துக்கு மாற்றுத் தேடிய அந்தத் தலைமுறை ஜப்பானியர்களின் வேலையைப் போல ஒரு வேலை நமக்குக் காத்திருக்கிறது. இதைச் செய்ய ஆள் வேண்டும். நீங்கள்தான் அந்த ஆள்.

சரி, எந்தக் கேள்வியை எடுப்பது என்று கேட்பீர்கள். எனக்குத் தோன்றும் சிலவற்றைச் சொல்கிறேன்.

சோளக் கொல்லையிலும் கரும்புத் தோட்டத்திலும் சுடுமல்லி முளைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வேரில் ஒட்டிக்கொண்டு பயிரை உறிஞ்சும் களை. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் தூங்கும், பக்கத்தில் பயிரின் வேர் சுரக்கும் ஒரு பொருளை உணர்ந்தால்தான் முளைக்கும். அந்தப் பொருள்களுக்கு ஸ்ட்ரிகோலாக்டோன்கள் என்று பெயர். களையை எழுப்பிவிடும் பொருளைப் பயிர் ஏன் சுரக்கிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 2005-இல் ஒசாகாவில் அகியாமா கோகியின் குழு விடை சொன்னது: வேரோடு உறவாடி மணிச்சத்தை எடுத்துத் தரும் நல்ல பூஞ்சையை அழைக்கத்தான் பயிர் அதைச் சுரக்கிறது, களை அந்த அழைப்பை ஒட்டுக் கேட்டுவிடுகிறது. 2008-இல் இதுவே செடியின் கிளைகளைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் என்றும் தெரிந்தது. 2018-இல் நகோயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மிக மிகச் சிறிய அளவிலேயே இந்தக் களை விதையை எழுப்பிவிடும் ஒரு செயற்கைப் பொருளை உருவாக்கினார்கள். பயிர் இல்லாத நேரத்தில் விதைகளை எழுப்பிவிட்டால் அவை ஒட்ட இடமில்லாமல் செத்துவிடும் என்பது திட்டம். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் பரவியிருக்கிற இனத்தை மனத்தில் வைத்து நடக்கின்றன. நம் கொல்லையில் இருப்பது அதன் தங்கை இனம். நம் விதைகள் எந்தப் பொருளுக்கு எழுகின்றன, நம் நாட்டுச் சோள ரகங்களில் எது குறைவாகச் சுரக்கிறது? இதை ஒரு தமிழ்ப் பிள்ளை கேட்டால் அரங்கில் இருக்கும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இட்லி மாவு இன்னொன்று. மாவைப் பொங்கவைப்பதில் லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 1960-களிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்புறம்? கோஜிப் பூஞ்சையின் மரபணுத் தொகுதியை ஜப்பானியர்கள் 2005-இல் முழுக்கப் படித்து முடித்தார்கள். சாகே ஆலைகளின் ஈஸ்ட் வரலாற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். மதுரை மாவுக்கும் யாழ்ப்பாணத்து மாவுக்கும் என்ன வேறுபாடு, குளிர்ச்சாதனப் பெட்டி வந்த பிறகு மாவில் இருக்கும் கூட்டம் எப்படி மாறியது, உளுந்து ரகம் மாறினால் என்ன ஆகிறது என்பதையெல்லாம் அந்த அளவு ஆழத்தில் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நீராகாரத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருகிற கதைகளுக்குப் பதிலாக நல்ல அளவீடுகள் வேண்டும். பனை இருக்கிறது, பதநீர் சில மணி நேரத்தில் புளிக்கிறது. கருவாடு இருக்கிறது. தவிடு மறுபடி இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் வைட்டமின் கிடைத்த அதே தவிட்டில் இன்னும் எண்ணெயும் நார்ச்சத்தும் வேறு பலவும் இருக்கின்றன.

கேள்வியைக் கொண்டு வரும்போது அதன் விவரத்தோடு கொண்டு வாருங்கள். எந்த ஊர், எந்தப் பருவம், எந்த ரகம், மண் எப்படி, விவசாயி என்ன சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இங்கே மூத்த பேராசிரியர்கள் இந்த விவரங்களில்தான் ஆர்வம் காட்டுவார்கள். மண்ணையோ விதையையோ நுண்ணுயிரையோ மட்டும் பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிடாதீர்கள். இரண்டு நாட்டிலும் அதற்குச் சட்டம் இருக்கிறது, அனுமதியும் ஒப்பந்தமும் வேண்டும். அதன் பயன் ஊருக்கும் திரும்ப வர வேண்டும் என்பதால் அந்தச் சட்டத்தை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

இனி நடைமுறை விஷயங்கள். பெரும்பாலான உரைகள் ஜப்பானிய மொழியில் இருக்கும். பயப்பட வேண்டாம், ஸ்லைடில் உள்ள வாய்பாடுகளும் வரைபடங்களும் எல்லா மொழிக்கும் பொது. நீங்கள் ஆங்கிலத்தில் பேசலாம். மெதுவாகப் பேசுங்கள், ஸ்லைடில் எழுத்தைப் பெரிதாக வையுங்கள், முடிந்தால் தலைப்பையாவது ஜப்பானிய மொழியில் போடுங்கள். கேட்பவர்களுக்கு அது பெரிய மரியாதையாகப் படும். நேரம் முடியப்போகிறது என்று மணி அடிப்பார்கள். அடுத்த மணிக்குள் முடித்துவிடுங்கள், இங்கே நேரம் மீறுவது அடுத்தவரின் நேரத்தை எடுத்துக்கொள்வது. கேள்வி நேரத்தில் யாரும் கேட்காவிட்டால் உங்கள் ஆய்வு பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். உரை முடிந்து வெளியே வந்ததும் வாசலில் இரண்டு பேர் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். உண்மையான கேள்வி அங்கேதான் வரும். பெயரட்டை அச்சடித்து எடுத்து வாருங்கள், இரண்டு கையாலும் கொடுங்கள், வாங்கியதை உடனே பையில் திணிக்காதீர்கள்.

நிறுவனங்களின் ஆய்வாளர்கள் இந்த மாநாட்டுக்கு ஏராளமாக வருவார்கள். உணவு, மது, மருந்து, நொதி என்று எல்லாத் துறையிலிருந்தும் வருவார்கள். அவர்களோடு பேசத் தயங்காதீர்கள். பல்கலைக்கழகமும் ஆலையும் ஒரே அரங்கில் உட்கார்ந்து ஒரே பூஞ்சையைப் பற்றிப் பேசுவது இந்தக் கழகத்தின் பெரிய பலம், நம் ஊரில் எனக்கு மிகக் குறைவாகக் காணக் கிடைத்த ஒன்று. உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் போஸ்டர்களும் ஒரு நாள் இருக்கும். கட்டாயம் போய்ப் பாருங்கள். சீருடையில் நின்றுகொண்டு, தங்கள் ஊர் ஊறுகாயில் எடுத்த பாக்டீரியாவைப் பற்றியோ பள்ளித் தோட்டத்து மண்ணைப் பற்றியோ அந்தப் பிள்ளைகள் விளக்குவார்கள். நம் பள்ளிகளுக்கு இப்படி ஒன்றைக் கொண்டுபோக முடியுமா என்று யோசித்துக்கொண்டே பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்கறி மட்டும் தெரிகிற சூப்பிலும் உலர்ந்த மீனில் எடுத்த தாஷி என்ற சாறு இருக்கும். அந்த மீனின் சுவைக்குக் காரணமான இனோசினேட்டை இகேதாவின் மாணவர் கொதாமா ஷிந்தாரோ 1913-இல் கண்டறிந்தார் என்பது ஆய்வாளராக உங்களுக்கு மகிழ்ச்சி தரலாம், ஆனால் தட்டில் வேண்டாம் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கொம்பு தாஷி என்று கேட்டால் சில கடைகளில் கிடைக்கும். மார்ச்சில் குளிர் இன்னும் போயிருக்காது, மாநாடு வடக்கே நடக்கிற ஆண்டென்றால் பனியே கிடக்கும். நல்ல காலணி எடுத்து வாருங்கள். மாலையில் நடக்கும் கூடுகைக்குக் கட்டணம் அதிகமாகத் தோன்றும். முடிந்தால் போங்கள், பகலில் முகம் கொடுக்காத பெரியவர்கள் அங்கே உங்கள் பக்கத்தில் வந்து நின்று ஊர் எது என்று கேட்பார்கள். அப்போது உங்கள் ஊரைப் பற்றியும் அந்த ஊர் வயலைப் பற்றியும் சொல்லுங்கள்.

கொரோனாக் காலத்தில் இந்த மாநாடு சில ஆண்டுகள் திரை வழியாகவே நடந்தது. அப்போது சேர்ந்த நம் மாணவர்கள் சிலர் ஒரு சக தமிழரைக்கூட நேரில் சந்திக்காமல் பட்டம் முடித்துத் திரும்பினார்கள். இனி அப்படி ஆகக் கூடாது. வருகிறவர்கள் உங்கள் உரையின் அல்லது போஸ்டரின் எண்ணையும் அரங்கையும் உங்களுக்குத் தெரிந்த இங்குள்ள தமிழ் மாணவர்கள் யாரிடமாவது சொல்லிவையுங்கள், அது எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். நேரம் மோதாத வரை ஒவ்வொருவரின் உரைக்கும் நான் வந்து உட்காருகிறேன். யாரும் கை தூக்கவில்லை என்றால் முதல் கேள்வியை நானே கேட்கிறேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் வந்த ஒரு தமிழ் ஆய்வாளர்